விசிறி சுத்தினால்தான் சம்பளம்

ஆரைக் கண்டாலும் நான் ரெண்டு கேள்வி கேட்பன். எத்தனை வருஷ அனுபவம், எவ்வளவு சம்பளம். பழக்கதோஷம். கிண்ணியாவில எனக்கு மீன் ஏத்துற கூலர் லொறி நாலு இருக்கு. இருபத்தெட்டு வருஷமா டிரைவர்மாரை வைச்சு வேலை வாங்குற ஆள் நான். வங்கி மனேஜரிட்டயும் கேட்டிருக்கன், பல்லுப் பிடுங்கின டொக்டரிட்டயும் வாயைத் திறந்து வைச்சுக்கொண்டே கேட்டிருக்கன். மௌத்தாகி அடக்கினாப் பிறகும் கபுறுக்குழிக்குள்ள கேள்வி கேட்க வாற வானவர் மலக்குமாரிட்ட இவர் முந்திக்கொண்டு சம்பளம் கேட்பார் எண்டு என்ட பொஞ்சாதி பகிடி பண்ணுவா.

ஐம்பத்தொரு வயதில பிளேன் ஓட்டப் பழகப் போனனான். ஏன் எண்டு கேட்டால் சொல்லுறதுக்குப் பெரிய காரணம் ஒண்டும் இல்ல, ஆசை. சீனக்குடாவில இருந்து எழும்புற சின்னப் பிளேன் எங்கட பாலத்துக்கு மேலால அடிக்கடி போகும். லொறிக்குள்ள இருந்து எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து நொந்ததுதான் மிச்சம். மகன் கட்டாரில, மகளைக் கட்டிக் குடுத்தாச்சு, இனி ஆருக்குச் சேர்க்கிற எண்டு பழைய லொறி ஒண்டை வித்துப்போட்டுப் பழகப் போயிட்டன். டொக்டர் கண், காது, நெஞ்சு எல்லாம் சோதிச்சு, ஓம், பறக்கலாம் எண்டு கடிதம் தந்தார். லொறிக்குச் செட்டை முளைச்சிட்டு எண்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சது ஆர் எண்டு நினைக்கிறீங்கள்? என்ட வீட்டுக்காரிதான்.

அந்தப் பள்ளிக்கூடம் ஒண்டும் பெரிசில்ல. ரெண்டு பேர் இருக்கிற சின்னப் பிளேன் ரெண்டு, தகரம் போட்ட ஒரு ஒபீஸ், ஒரு மெக்கானிக், எல்லாத்துக்கும் மேல ஒரு தலைமைப் பயிற்றுநர். அவரை எல்லாரும் பெரிய சேர் எண்டு சொல்லுவாங்க. சிங்கள ஆள், தமிழை மெல்ல மெல்ல, ஆனால் பிழையில்லாமல் கதைப்பார். எனக்குப் படிப்பிக்க அவர் விட்டது இருபத்தேழு வயது ஒரு பிள்ளையை. திருகோணமலை டவுன் ஆள், தகப்பன் அரசாங்கக் கச்சேரியில கிளார்க். என்ட மகளை விட ரெண்டு வயது குறைவு. எண்டாலும் படிப்பிக்கிற ஆள் படிப்பிக்கிற ஆள்தானே, நான் மிஸ் எண்டு கூப்பிட்டன். அவ என்னை, எங்கட ஆக்கள் அண்ணனைச் சொல்லுற மாதிரி, நானா எண்டு கூப்பிட்டா.

முதல் நாளே என்ட ரெண்டு கேள்வியையும் கேட்டுப்போட்டன். வேற ஆள் எண்டால் முகம் சுழிச்சிருப்பா. இவ வாய்ப்பாடு சொல்லுற மாதிரிச் சொன்னா. முதல்ல தனக்காகப் பறக்கிற லைசன்ஸ். பிறகு ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் தானே காசு கட்டிக் கட்டி இருநூறு மணித்தியாலம் பறந்தால்தான் காசுக்குப் பறக்கிற லைசன்ஸ். அதுக்கு மேல படிப்பிக்கப் பழகுற படிப்பு, அதுக்கு மேல சோதனை. இவ்வளவுக்கும் தகப்பன்ட காணி ஒண்டு போயிட்டு. இவ்வளவும் முடிச்சும் அவ துணைப் பயிற்றுநர்தான். எனக்குப் படிப்பிக்கலாம். ஆனால் என்னைத் தனியப் பறக்க விடுற முடிவை அவ எடுக்க ஏலாது. இவர் ரெடி எண்டு அவ கையெழுத்து வைக்க வேணும், பிறகு பெரிய சேர் என்னோட ஒரு சுத்துப் பறந்து பார்த்துத்தான் விடுவார்.

முழுப் பயிற்றுநர் ஆகுறதுக்கு இன்னும் என்ன வேணும் எண்டு கேட்டன். மணித்தியாலம் எல்லாம் சரியாம். தன்ட கையில படிச்சு, தனியப் பறந்த ஆக்களின்ட எண்ணிக்கையில மட்டும் ஒரு ஆள் குறையுதாம். அந்த ஒரு ஆள் நான்தான்.

சம்பளத்தைக் கேட்டாப் பிறகு எனக்கு வாய் மூடல்ல. பிளேன்ட மூக்கில இருக்கிற விசிறி சுத்துற நேரத்துக்கு மட்டும்தான் சம்பளம். மழை வந்தால் இல்ல. காத்துக் கூடினால் இல்ல. மெக்கானிக் எஞ்சினைக் கழட்டி வைச்சிருந்தால் இல்ல. பலகையில படம் கீறி எனக்கு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினா பாருங்க, அதுக்கும் இல்ல. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டன். தம்புள்ளைக்கு மீன் கொண்டு போற என்ட டிரைவர் இவவை விடக் கூட எடுக்கிறான், சாப்பாட்டுக் காசு வேற. எனக்குப் பாவமாப் போச்சு. பிள்ளை, பேசாமல் என்ட லொறிக்கு வாங்க எண்டு சொல்லிப்போட்டன். லொறியில தனக்கு அனுபவம் இல்லையே எண்டு சிரிச்சுக்கொண்டே பிளேன்ட கதவைத் திறந்தா.

எழும்புறதுக்கு முதல் ஒரு மட்டையில எழுதி வைச்சதை ஒண்டொண்டா வாசிச்சு, தொட்டுத் தொட்டுப் பார்க்க வேணும். எண்ணெய், கதவு, பெல்ட், அது இது. எல்லாம் முடிஞ்சாப் பிறகு, அல்லாஹ்ட பேரால தொடங்குறன் எண்டு நான் பிஸ்மி சொல்லுவன். முதல் நாள் அது எனக்குள்ள முணுமுணுத்தது. ரெண்டாம் நாள் நான் பதட்டத்தில மறந்து போனன். மட்டையைக் கீழ வைச்சுப்போட்டு, பிஸ்மி சொல்லிட்டீங்களா நானா எண்டு அவ கேட்டா. அண்டையில இருந்து மட்டையில இல்லாத கடைசி வரி அதுதான். நான் சொல்லி முடிக்கும் மட்டும் அவ விசிறிட வேகத்தைக் கூட்டமாட்டா.

மேல போய்ப் பார்த்தாத்தான் தெரியும், அல்லாஹ் எங்களுக்கு என்ன தந்து வைச்சிருக்கிறான் எண்டு. நான் பிறந்த நாளில இருந்து அந்தக் குடாவைப் பார்க்கிறன், சுத்தி வர லொறி ஓட்டியிருக்கிறன். ஆனால் மேல இருந்து பார்த்தால் மூதூர்ப் பக்கம் மாவலி ஆத்துத் தண்ணி கபில நிறத்தில கடலுக்குள்ள இறங்குது, அந்தக் கபிலமும் நீலமும் கலக்காமல் ஒரு கோடு போட்ட மாதிரி நிக்குது. எண்ணெய் சேர்த்து வைக்கிற குதங்கள் மரத்துக்குள்ள மூடி கவிழ்த்து வைச்ச பானை மாதிரி. கிண்ணியாப் பாலத்தில போற லொறி என்டதா எண்டு தேடினன், தெரியல்ல. வாயைப் பொத்தாத மனிசன் நான், இருபது நிமிஷம் ஒரு கதையும் கதைக்கல்ல. கீழ இறங்கினாப் பிறகுதான் கண்ணில தண்ணி வந்திருக்கிறதே எனக்குத் தெரிஞ்சது. மிஸ் கண்டா, ஆனால் காணாத மாதிரிப் புத்தகத்தில எழுதிக்கொண்டிருந்தா.

பறக்கிறது லேசு. இறக்கிறதுதான் பாடு. பிளேன் நிலத்தைத் தொடுற நேரம் அதை நேரா வைச்சிருக்கிறது கையில்ல, கால். ரெண்டு பெடல் இருக்கு. வலதை மிதிச்சால் மூக்கு வலப்பக்கம், இடதை மிதிச்சால் இடப்பக்கம். படகில சுக்கான் மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்க. எங்கட பக்கம் கச்சான் காத்துத் தொடங்கினால் காலமை ஒன்பது மணிக்கெல்லாம் ரன்வேக்குக் குறுக்கால அடிக்கும். அந்த நேரம் காலால மெல்ல மெல்லத் தள்ளிச் சரிபண்ணிக்கொண்டு வரவேணும். ஒவ்வொரு பெடலும் ரெண்டு பேருக்கும் பொது. நான் மிதிச்சால் அவட பக்கமும் அசையும், அவ மிதிச்சால் என்ட பக்கமும் அசையும்.

முதல் மாசம் நான் இறக்கினது எல்லாம் கங்காரு பாயிற மாதிரி. அவ ஒருநாளும் ஏசல்ல. பிறகு என்ன நடந்ததோ தெரியா, திடீரெண்டு எனக்கு வாய்ச்சிட்டு. வாற வாற இறக்கம் எல்லாம் வாழைப்பழத்தில ஊசி ஏத்தின மாதிரி. எனக்குத் தலைகால் தெரியல்ல. கிண்ணியா மீன் சந்தையில நிண்டு, கையை விரிச்சுக் காட்டி, பிளேனை எப்படி இறக்கிறது எண்டு பாரை மீனுக்கு விலை கேட்க வந்த ஆக்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தன். ஒரே ஒரு குறைதான் எனக்கு. வலப்பக்கப் பெடல் கொஞ்சம் இறுக்கம். மெக்கானிக்கிட்ட ரெண்டு தரம் முறைப்பாடு சொல்லி, அவன் பாவம் கிறீஸ் போட்டும் விட்டான்.

அந்த நேரம்தான் பள்ளிக்கூடத்தில ஒரு வேலை விழுந்தது. முழுப் பயிற்றுநருக்கு ஒரு இடம், மாசச் சம்பளத்தோட. மழையோ வெயிலோ, விசிறி சுத்தினாலும் சுத்தாட்டிலும் சம்பளம். மாசம் முடியிறதுக்குள்ள தகுதி இருக்கிற ஆளுக்கு அது கிடைக்கும். மிஸ்ஸுக்கு வேண்டியது ஒண்டே ஒண்டு, நான் தனியப் பறக்க வேணும். வேற படிக்கிற ஆக்கள் எல்லாம் அப்பதான் தொடங்கின ஆக்கள். எனக்கு அது பெருமையாயும் இருந்தது, பாரமாயும் இருந்தது. என்ட மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் கூட நான் அல்லாஹ்விட்ட அவ்வளவு துஆ கேட்டதில்ல. பெரிய சேர் என்னைப் பார்க்கிற நாளையும் குறிச்சாச்சு. மாசம் முடிய ரெண்டு நாள் இருக்கிற ஒரு வெள்ளிக்கிழமை காலமை.

அதுக்கு முதல் நாள் வியாழக்கிழமை அவ லேசா நொண்டிக்கொண்டு வந்தா. ஞாயிற்றுக்கிழமை சல்லி அம்மன் கோயிலுக்குப் போய், கும்பிட்டுப்போட்டுக் கடற்கரையில வெறுங்காலோட நடந்திருக்கிறா. வலையில இருந்து கழிச்சுப் போட்ட கெளிறு மீன் ஒண்டின்ட முள்ளு இடக்காலில ஏறிட்டாம். மீன்காரனுக்குச் சொல்லவா வேணும்? சுடுதண்ணியில காலை வைச்சீங்களா, முள்ளு முழுசா வந்ததா எண்டு ஒரு பெரிய வைத்தியமே சொன்னன். வீக்கம் வத்திட்டு, நோவு மட்டும் கொஞ்சம் இருக்கு, அவசரமெண்டால் மிதிக்க ஏலும் எண்டா. ஏறினம். பிஸ்மி சொன்னன். எழும்பினம்.

இறங்குற நேரம் காத்துக் கொஞ்சம் கூட. நான் எப்பவும் போலத்தான் செய்தன், வல்லாஹி, சத்தியமா எப்பவும் போலத்தான். சில்லு நிலத்தில பட்டதுதான் தாமதம், பிளேன் வலப்பக்கமாத் திரும்பி, ரன்வேயை விட்டுப் புல்லைப் பார்த்து ஓடுது. நான் இன்னும் மிதிக்கிறன், அது இன்னும் திரும்புது. நான் எடுக்கிறன் எண்டு மிஸ்ட குரல் கேட்டது. அவ பல்லைக் கடிச்சுக்கொண்டு அந்த நோகிற காலால இடது பெடலை மிதிச்சு, புல்லுக்கு ஒரு முழம் இருக்கிறாப்போல கொண்டு வந்து நிப்பாட்டினா. காத்துத்தான் காரணம் எண்டு சொன்னன். பிறகு, அந்த மெக்கானிக் கிறீஸைக் கூடப் போட்டுட்டான், பெடல் இண்டைக்கு வழுக்குது எண்டும் சொன்னன். மிஸ் தன்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் வீட்டுக்குப் போய் இதைச் சொன்ன நேரம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம் எண்டு பொஞ்சாதி சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போயிட்டா. எனக்கு அவவோடயும் கோபம்.

வெள்ளிக்கிழமை வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு போனன். ஒபீஸில பெரிய சேர் பேனையைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறார், மேசையில என்ட கடதாசி இருக்கு. மிஸ் கையெழுத்து வைக்க வேண்டிய இடம் வெறுமையா இருக்கு. மெக்கானிக்கும் ஒபீஸ் கிளார்க்கும் வாசலில நிக்கிறாங்க. அவ மேசைக்கு முன்னால போய் நிண்டா.

"சேர், இவர் இன்னும் ரெடி இல்ல. இவ்வளவு நாளும் பிளேனை இறக்கினது இவர் இல்ல, நான். என்ட கால் எனக்குத் தெரியாமலே மிதிச்சுக்கொண்டு இருந்திருக்கு. நேற்றுத்தான் எனக்கே தெரியும்."

பெரிய சேர், மாசம் முடிய ரெண்டு நாள்தான் இருக்கு, யோசிச்சுத்தான் சொல்லுறீங்களா எண்டு தமிழில மெல்லக் கேட்டார். ஓம் எண்டா. அவர் பேனையை மூடிப் பொக்கற்றில வைச்சார். கடதாசியை மடிச்சு மேசை லாச்சிக்குள்ள போட்டார். அவ்வளவுதான்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். கோபம் எண்டால் எனக்கு மூக்கு நுனியில இருக்கும், அது ஊருக்கே தெரியும். வெளியால வந்து வேலியடியில வைச்சு அவவைப் பிடிபிடியெண்டு பிடிச்சன். என்ட காசு, என்ட வயசு, நாலு பேருக்கு முன்னால என்ட மானம், ஒரு நாள் காத்தில சறுக்கினதுக்கு யானைக்கும் அடி சறுக்கும் எண்டு விட ஏலாதா, உங்களுக்கே வேலை வேண்டாம் எண்டால் எனக்கென்ன எண்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னன். அவ, நான் மூச்சு வாங்குற நேரம் பார்த்து, ஒரே ஒரு கதை சொன்னா.

"நானா, பயம் வந்தால் நீங்கள் வலது காலை அமத்துறீங்கள். லொறியில அது பிரேக். அதுக்கு எதிரா நான் இடதை அமத்தியிருக்கிறன். அதுதான் உங்களுக்குப் பெடல் இறுக்கமா இருந்தது."

நான் காரைத் திருப்பிக்கொண்டு வந்திட்டன். இனி அந்தப் பக்கமே போறல்ல எண்டு சத்தியம் பண்ணினன். பத்து நாள் போகவும் இல்ல.

பதினோராம் நாள் குச்சவெளியில மீன் எடுக்க ஒரு டிரைவர் வரல்ல எண்டு நானே லொறியைக் கொண்டு போனன். திரும்பி வாற வழி, கடற்கரை றோட்டில ஒரு மாடு. பத்தைக்குள்ள இருந்து திடீரெண்டு குறுக்கால வந்திட்டு. லொறியை நிப்பாட்டிட்டன், மாடும் தன்ட பாட்டில போயிட்டு. ஆனால் எனக்கு லொறியை எடுக்க ஏலாமப் போச்சு. குனிஞ்சு என்ட காலைப் பார்த்தன். வலது கால், பிரேக்கை அடிவரைக்கும் அமத்திக்கொண்டு இருக்கு. நான் அதுக்குச் சொல்லல்ல, அதுவா அமத்தினது. இருபத்தெட்டு வருஷ அனுபவம் எண்டு நான் ஊரெல்லாம் பீத்திக்கொண்டு திரியிற அனுபவம் முழுக்க அந்தக் காலுக்குள்ள இருக்கு. அந்த அனுபவம்தான் அண்டைக்கு என்னைக் கொண்டு போய்ப் புல்லுக்குள்ள கவிழ்க்கப் பார்த்தது. வெள்ளிக்கிழமை அவ ஒரு கையெழுத்து வைச்சிருந்தால், பெரிய சேரோட பறக்கிற ஒரு சுத்தில காத்து இல்லாமல் இருந்திருந்தால், பிறகு நான் தனிய மேல போயிருந்தால்? மீனுக்குப் போட்ட ஐஸ் உருகுது எண்டு பின்னால நிண்ட ஹெல்பர் தட்டும் மட்டும் அப்படியே இருந்தன்.

எத்தனை பேருக்கு வேலை குடுத்திருக்கிறன். பொய் அனுபவம் சொல்லி வந்த ஆக்களைக் கண்டிருக்கிறன், மெய்யை மறைச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன், நானே எத்தனை தரம் மறைச்சிருக்கிறன். ஆருக்குமே தெரியாத ஒரு பிழையை, தனக்கே முதல் நாள்தான் தெரிஞ்ச பிழையை, சம்பளம் வாசலில நிக்கிற நேரம் வாயைத் திறந்து சொன்ன ஒரு ஆளை நான் கண்டதில்ல.

அடுத்த நாள் காலமை போனன். மாசச் சம்பள வேலைக்குக் கொழும்பில இருந்து ஒரு தம்பியை எடுத்தாச்சாம். அவனும் நல்ல பிள்ளைதான், அவனில ஒரு குறையும் சொல்ல ஏலாது. மிஸ் பழைய கதிரையில இருந்து புத்தகம் வாசிச்சுக்கொண்டிருந்தா. மன்னிப்புக் கேட்க வாய் வரல்ல, அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கால் இருக்கு மிஸ், என்ன செய்ய வேணும் எண்டு சொல்லுங்க எண்டன். அவ எழும்பி மட்டையை எடுத்தா.

அண்டைக்கு மேல போய் இறங்க வாற நேரம், தன்ட சீட்டைப் பின்னால தள்ளி, ரெண்டு காலையும் சீட்டுக்குக் கீழ மடக்கி வைச்சா. பாருங்கள் நானா, என்ட கால் எங்க இருக்கு எண்டு பார்த்துப்போட்டு இறக்குங்கள் எண்டா. எத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்குப் பயம் எண்டால் என்ன எண்டு தெரிஞ்சது. பெடல் வெண்ணெய் மாதிரி இருக்கு. இறக்கினன் எண்டு சொல்ல ஏலாது, போட்டன். முதுகெலும்பு ரெண்டு பேருக்கும் எண்ணிப் பார்க்கலாம். திரும்பவும் எழும்பினம், திரும்பவும் போட்டன். ஒன்பது தரம். அவ ஒரு தரம் கூடக் காலை எடுக்கல்ல. எடுக்க வேண்டிய நேரம் எடுத்திருப்பா, அது எனக்குத் தெரியும். ஆனால் எடுக்காமல் இருக்கிறதுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும் எண்டு யோசிச்சுப் பாருங்க. இன்னொருத்தன் பிழை விடுறான், அதால உன்ட உயிரும் போகலாம், திருத்துறதுக்குக் கால் துடிக்குது, நீ அதை மடக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய். இருநூறு மணித்தியாலமும் லைசன்ஸும் சோதனையும் இதுக்குத்தானா எண்டு எனக்கு அப்பதான் விளங்கினது.

வீட்டில கதிரையைப் போட்டு, நிலத்தில ரெண்டு செங்கல்லை வைச்சு, கண்ணை மூடிக்கொண்டு காலைப் பழக்கினன். இந்த மனிசனுக்குத் தையல் மெசின் ஒண்டு வாங்கிக் குடுத்தால் பிரயோசனமா இருக்கும் எண்டு பொஞ்சாதி அயல் வீட்டுக்குச் சொன்னா. சொல்லட்டும்.

பிறகு மாரி வந்திட்டு. எங்கட பக்கத்து மாரி தெரியும்தானே, வானம் கிழிஞ்ச மாதிரி. கிழமைக்கணக்கில பிளேன் வெளியால வரல்ல. மாசச் சம்பளத் தம்பி ஒபீஸில இருந்து தேத்தண்ணி குடிச்சான், அவனுக்கு அது நீதி. மிஸ்ஸுக்கு விசிறி சுத்தல்ல, சல்லிக் காசில்ல. பின்னேரத்தில டவுனில ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் குடுத்தா. ஆனால் காலமையில வந்து மேகத்தைப் பார்க்கிறதை விடல்ல. நான் போனால் பலகையில படம் கீறிக் காட்டுவா. ஒருக்கா நான் பொறுக்க மாட்டாமல், அந்த ரெண்டு நாளைப் பேசாமல் விட்டிருந்தால் இண்டைக்கு நீங்களும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருப்பீங்கள் எண்டு சொன்னன். ஓம், குடிச்சுக்கொண்டு வானத்தைப் பார்க்கேலாமல் இருந்திருப்பன் எண்டா. சாதாரணமாச் சொன்னா, பசிக்குது எண்டு சொல்லுற மாதிரி.

தை பிறந்து வெயில் வந்தாப் பிறகு, பெரிய சேர் என்னோட மூண்டு சுத்துப் பறந்தார். காத்து இருக்கிற நேரமாப் பார்த்துத்தான் ஏறினார், கெட்டிக்காரன். இறங்கி, மிஸ்ஸைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். இந்த முறை கடதாசியில கையெழுத்து முதலே இருந்தது.

அவ என்னோட ஏறி ஒரு சுத்து வந்தா. பிறகு ஓரமா நிப்பாட்டச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கினா. தான் இருந்த சீட்டின்ட பெல்ட்டை வெறும் சீட்டுக்கு மேலால இறுக்கிப் பூட்டினா. ஆள் இல்லாத பெல்ட் ஆடி எதிலயும் மாட்டக்கூடாது. நான் ஒரு பெரிய உபதேசம் வரும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். தான் இல்லாததால பாரம் குறைவு, கெதியா எழும்பும், பயப்பட வேண்டாம் எண்டு மட்டும் சொன்னா. கதவைச் சாத்திப்போட்டுப் புல்லுக்குப் போயிட்டா.

மட்டையை வாசிச்சன். கடைசி வரியைக் கேட்க ஆளில்ல. நானே பிஸ்மி சொன்னன், சத்தமா.

எட்டு நிமிஷம். கூடினால் ஒன்பது. வலப்பக்கம் திரும்பினால் வெறும் சீட், பூட்டின பெல்ட். சுபுஹானல்லாஹ், அந்தக் குடா அண்டைக்கு இருந்த மாதிரி நான் ஒருநாளும் கண்டதில்ல. ஆனால் நான் கூடப் பார்த்தது கீழ. ரன்வேக்குப் பக்கத்தில பச்சையில ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, அசையாமல். அங்க இருந்து என்னை ஒண்டும் செய்ய ஏலாது. கை நீட்ட ஏலாது, கால் நீட்ட ஏலாது. அவ எனக்குச் செய்யக்கூடியதெல்லாம் முதலே செய்து முடிச்சிட்டா. நான் காலைப் பார்த்தன். வா எண்டன். காத்துக் குறுக்கால வந்தது, இடதை மெல்ல, வலதை மெல்ல, சில்லு தொட்டது, நேரா ஓடினது. நேரா.

நிப்பாட்டிப்போட்டு இறங்கினால் மெக்கானிக் ஒரு வாளித் தண்ணியைத் தலையில ஊத்திட்டான், தனியப் பறந்த ஆளுக்கு அதுதான் வழக்கம். பெரிய சேர் கை தந்தார். மிஸ்ஸுக்குக் குறைஞ்ச அந்த ஒரு ஆளும் இப்ப சரி, மாசச் சம்பள இடம்தான் போயிட்டு. மிஸ் மெல்ல நடந்து வந்தா. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளிறிப் போய், உதடு காய்ஞ்சு போய் இருந்தா. நான் மேல நிண்ட நேரம் என்ன செய்தீங்கள் எண்டு கேட்டன். ஒண்டும் செய்யேல்ல நானா, அதுதான் கஷ்டம் எண்டா.

ஒபீஸில கிளார்க் அண்டைய நேரத்தைப் பதிஞ்சான். நான் ஈரத்தோட எட்டிப் பார்த்தன். அவ என்னோட இருந்த சுத்துக்கு அவட பேருக்கு நேரா நிமிஷம் விழுந்தது. நான் தனிய நிண்ட எட்டு நிமிஷத்துக்கு அவட பேருக்கு நேரா ஒரு கோடு இழுத்தான். இது என்ன எண்டு கேட்டன். மிஸ் பிளேனுக்குள்ள இல்லத்தானே, அவவுக்குச் சம்பளமும் இல்ல, மணித்தியாலக் கணக்கும் இல்ல எண்டான். விசிறி சுத்தினதுதானே எண்டு நான் மேசையில அடிச்சன். அந்த எட்டு நிமிஷம் அந்தப் பிள்ளை செத்துப் பிழைச்சிருக்கு, இந்தப் பள்ளிக்கூடத்தில ஆருக்குச் சம்பளம் குடுக்காட்டிலும் அதுக்குக் குடுக்க வேணும், பேனையைத் தா நான் எழுதுறன் எண்டு கத்தினன். அவ என்ட கையைப் பிடிச்சா. அதுக்கு முதல் ஒருநாளும் பிடிச்சதில்ல.

"வேண்டாம் நானா. அதுக்குக் காசு வைச்சால், ஆராவது ஒரு நாள் காசுக்காக, ரெடி இல்லாத ஒரு ஆளை மேல அனுப்பிப்போடுவினம்."

சொல்லிப்போட்டு, ஒரு மிடறு தண்ணி குடிச்சு, அடுத்துப் படிக்க வந்து நிண்ட ஆளைக் கூட்டிக்கொண்டு போயிட்டா. காத்துக் கூட முதல் அவவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. நான் காருக்குள்ள போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஈரச் சேர்ட்டோட இருந்து அழுதனான்.